குளத்து நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி: அதனை இனங்காணும் முறைகள்

மழை ஓய்ந்து பல வாரங்கள் சென்றபின், குளத்தின் நீர்மட்டம் தாழ்ந்து காற்றும் அடங்கியிருக்கும் நாட்களில், விடியற்காலையிற் குளக்கரைக்குச் செல்லும் கமக்காரர் சிலவேளைகளிற் புதியதொரு காட்சியைக் காண்பதுண்டு. முதல்நாள் மாலையில் மங்கிய பச்சையாக மட்டுமே தோன்றிய நீரின்மேல், பச்சைத் தீந்தையைக் கொட்டிவிட்டாற்போல ஏடொன்று படர்ந்திருக்கும். கரையோரத்தில் அது தடித்துக் கூழாகக் கிடக்கும். வெயில் ஏறியபின் ஒருவகைத் துர்நாற்றமும் எழும்.

இதனைப் பாசி என்று பொதுவாகக் கூறிவிட்டு, அந்நீரிலேயே மாட்டைத் தண்ணீருக்கு விடுதலும், குளித்தலும், கீரைப்பாத்திக்கு இறைத்தலும் பலருடைய வழக்கம். பெரும்பாலான பாசிகளால் இவ்வழக்கத்திற்குத் தீங்கு நேர்வதில்லை. ஆயின், ஒருசில இனங்கள் கால்நடைகளையும் மனிதரையும் நோய்ப்படுத்தவல்ல நஞ்சைத் தம்முள் உண்டாக்குகின்றன. அவற்றுள் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது மைக்குரோசிசுற்றிசு என்பதாகும். இதனை ஏனைய பாசிகளிலிருந்து பிரித்தறியும் முறைகளும், அறிந்தபின் செய்யவேண்டியவையும் கீழே தரப்படுகின்றன.

மைக்குரோசிசுற்றிசு என்றால் என்ன?

பாசி என அழைக்கப்படினும் இது உண்மையான பாசியன்று; பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. பச்சைத் தாவரங்களைப்போலச் சூரிய ஒளியைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்குவதாலும், பச்சை நிறத்தோடு நீல நிறப்பொருளொன்றையும் கொண்டிருப்பதாலும், இத்தகைய உயிர்கள் நீலப்பச்சைப் பாசி என நெடுங்காலமாகப் பெயர்பெற்றுள்ளன. விஞ்ஞானிகள் இவற்றைச் சயனோபற்றீரியா என்பர்.

மைக்குரோசிசுற்றிசு எருசினோசா என்பது இவ்வினத்தின் முழுப்பெயர். முதற் சொல் சிறு பை எனப் பொருள்படும். இரண்டாவது சொல் செம்புப் பாத்திரத்திற் படியும் பச்சைக் களிம்பின் நிறத்தைக் குறிப்பது. குளத்தில் அதனைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் இலகுவில் விளங்கும்.

இதன் ஒவ்வொரு கலமும் உருண்டை வடிவானது. குறுக்களவு ஏறத்தாழ 4 முதல் 6 மைக்குரோமீற்றர் வரையானது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 200 கலங்களை வரிசையாக அடுக்கலாம். எனவே தனிக்கலத்தைக் கண்ணாற் காணவியலாது. ஆயின் இக்கலங்கள் தனித்து வாழ்வதில்லை. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒருங்குசேர்ந்து, நிறமற்ற வழுவழுப்பான பசையொன்றினுள் புதைந்து, கூட்டங்களாக வாழ்கின்றன. நன்கு வளர்ந்த கூட்டம் வெறுங்கண்ணுக்குப் பச்சைப் பொடிமணியாகத் தென்படும். இக்கூட்டங்களே இதனை அறிந்துகொள்வதற்குரிய முதல் அடையாளமாகும்.

அது மிதப்பது ஏன்?

ஒவ்வொரு கலத்தினுள்ளும் வளி நிரம்பிய நுண்ணிய பைகள் பல உள. இவை கலத்தை நீரினும் பாரம் குறைந்ததாக்குகின்றன. பகலில் ஒளியைப் பெற்று மாச்சத்தைச் சேர்க்கும்போது கலம் பாரமாகி அமிழ்கின்றது. இரவில் அச்சத்துச் செலவாகியதும் பாரம் குறைந்து மேலெழுகின்றது. காற்றில்லாத இரவில் குளம் முழுவதிலும் பரந்திருந்த கூட்டங்கள் யாவும் மேலே வந்து ஏடாகத் திரளுகின்றன. முதல்நாள் மாலையிற் காணப்படாத ஏடு மறுநாட் காலையில் திடீரெனத் தோன்றுவதன் காரணம் இதுவே. ஓரிரவிற் பாசி புதிதாகப் பெருகிவிட்டது எனக் கருதுதல் தவறு. அது முன்னரே நீரில் நிறைந்திருந்தது.

1895 ஆம் ஆண்டில் கிளேபான் என்னும் செருமானியத் தாவரவியலாளர், மிதக்கும் பாசிகளின் கலங்களில் வளி அடங்கியிருப்பதை விளக்கினார். பாசிநீர் நிரம்பிய போத்தலின் தக்கையை ஓங்கி அடித்து அமுக்கத்தை உயர்த்தினால், அப்பைகள் நொறுங்கி, மிதந்த பாசி முழுவதும் அடியில் அமிழ்ந்துவிடும். கண்ணாடி உடைந்து காயம் நேரக்கூடுமாதலால் இதனை வீட்டிற் செய்துபார்த்தல் தகாது.

திரண்ட ஏட்டைக் காற்று ஒருபுறமாகத் தள்ளுகின்றது. சோழகம் வீசுங்காலத்தில் வடகீழ்க் கரையிலும், வாடைக்காற்று வீசுங்காலத்தில் தென்கரையிலும் அது ஒதுங்கும். ஆகவே, ஒரு கரையில் நீர் தெளிவாயிருப்பதைக் கண்டு குளம் முழுவதும் நலமெனத் தீர்மானித்தலாகாது. காற்று வீசும் திசைக்கு எதிர்க்கரையையும் சென்று பார்த்தல் வேண்டும்.

இனங்காணும் முறைகள்

எளியதிலிருந்து தொடங்கி, ஐந்து சோதனைகளை முறையாகச் செய்தல் நன்று. ஏட்டை வெறுங்கையாற் தொடலாகாது. இறப்பர்க் கையுறை அணிந்து, முடிந்தபின் நல்ல நீரினாற் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். சிறுவரை இவ்வேலைக்கு விடலாகாது.

முதலாவது, பார்வைச் சோதனை. நீரில் வேர், இலை, தண்டு என்னும் உறுப்புகள் புலப்பட்டால் அது மைக்குரோசிசுற்றிசு அன்று. சிற்றிலைகள் தனித்தனியாக மிதந்து, ஒவ்வொன்றின் கீழும் மெல்லிய வேர் தொங்கின் அது நீர்ப்பாசி எனச் சிலவிடங்களில் அழைக்கப்படும் சிறு மிதவைத் தாவரமாகும். செதிலடுக்குப் போன்ற இலைகளோடு பச்சையாகவோ செந்நிறமாகவோ படர்வது அசோலா. இவ்விரண்டும் நஞ்சற்றவை. மைக்குரோசிசுற்றிசு படர்ந்த நீரோ பச்சைப் பொடியைத் தூவிக் கலக்கியதுபோலவோ, தீந்தை ஊற்றியதுபோலவோ காணப்படும். ஏடு காயும் ஓரங்களில் வெளிறிய நீலமும் வெண்மையும் கலந்த கோடுகள் தென்படுவதுண்டு. இறந்த கலங்களிலிருந்து நீல நிறப்பொருள் வெளியேறுவதே இதற்குக் காரணம். இந்நீலக் கறை நீலப்பச்சைப் பாசியைக் காட்டும் சிறந்த அடையாளங்களில் ஒன்றாகும்.

இரண்டாவது, கோற் சோதனை. நீண்ட தடியொன்றை ஏட்டினுள் விட்டு மெல்லச் சுழற்றித் தூக்குக. நூல் நூலாகவோ, ஈரப்பஞ்சுபோலவோ, தலைமயிர் போலவோ தடியிற் தொங்குமாயின் அது நூற்பாசி, வயல்களிலும் வாய்க்கால்களிலும் சாதாரணமாகக் காணப்படுவது, நஞ்சற்றது. தடியில் எதுவுந் தொங்காது, தீந்தையிற் தோய்த்தெடுத்ததுபோலப் பச்சைப் பூச்சு மட்டும் படிந்திருக்குமாயின் ஐயங்கொள்ள இடமுண்டு.

மூன்றாவது, போத்தற் சோதனை. வாயகன்ற தெளிந்த கண்ணாடிப் போத்தலொன்றில் முக்காற்பங்கிற்குக் குளத்து நீரை எடுக்க. ஏட்டை மட்டும் அள்ளாது, அதற்குச் சற்றுக் கீழுள்ள நீரையே எடுத்தல் வேண்டும். மூடியை இறுக்காது வைத்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஓரிரவு அசையாது விடுக. பிள்ளைகளுக்கு எட்டாத இடமாக இருத்தல் வேண்டும். காலையிற் பச்சை நிறம் போத்தலின் மேற்புறத்தில் வளையமாகத் திரண்டு, கீழே நீர் தெளிந்திருக்குமாயின் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியே. பச்சை அடியிற் படிந்திருக்குமாயின் அது சாதாரண பச்சைப் பாசியாக இருத்தல் கூடும். நீந்தவல்ல வேறுசில நுண்ணுயிர்களும் ஒளியை நாடி மேலே வருமாதலால், இச்சோதனை ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

நான்காவது, வெண்தட்டுச் சோதனை. போத்தலின் மேற்புறத்து நீரிற் சிறிதளவை வெள்ளைப் பீங்கானில் ஊற்றி, கைவில்லையின் மூலம் நோக்குக. ஒழுங்கற்ற உருவுடைய பச்சை மணிகள், சிலவற்றின் நடுவிற் துளைகளுடன், காணப்படின் அவை மைக்குரோசிசுற்றிசின் கூட்டங்களாதல் கூடும். மெல்லிய புல்லை நறுக்கித் தூவியதுபோன்ற சிறு துணுக்குகள் தென்படின் அது அபனிசோமினன் என்னும் வேறோர் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதுவும் ஐயத்திற்குரியதே.

ஐந்தாவது, நுணுக்குக்காட்டிச் சோதனை. இது கமக்காரர் தாமே செய்யக்கூடியதன்று. அயலிலுள்ள பாடசாலையின் விஞ்ஞானகூடத்திலோ, உரிய திணைக்களத்தின் ஆய்வுகூடத்திலோ செய்விக்கலாம். நானூறு மடங்கு பெருப்பித்து நோக்கும்போது பின்வருவன புலப்படல் வேண்டும்: கலங்கள் உருண்டையானவை, நூலாகக் கோக்கப்படாதவை, பசையினுள் ஒழுங்கின்றிச் செறிந்தவை. கலத்தினுள்ளே உள்ள வளிப்பைகள் ஒளியைச் சிதறச்செய்வதாற் கலங்கள் கருமையாகவோ கபிலமாகவோ தோன்றும். கலங்கள் மணிமாலை போலக் கோக்கப்பட்டு, இடையிடையே பருத்த வெளிறிய கலங்கள் காணப்படின் அது அனபீனா போன்ற வேறோர் இனமாகும்.

வயலிலுள்ள நீலப்பச்சைப் பாசி பகையன்று

இவ்விடத்து ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். நெல்வயலில் நிற்கும் நீரிலும் நீலப்பச்சைப் பாசிகள் வாழ்கின்றன. அவற்றுட் பல வளியிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குவன. நெல்வயல்களில் இத்தொழில் நடைபெறுவதை 1939 ஆம் ஆண்டில் பி. கே. டே என்னும் இந்திய ஆய்வாளர் விளக்கியுள்ளார். அசோலாவின் இலையினுள் வாழ்வதும் இத்தகையதொரு நீலப்பச்சைப் பாசியே. மைக்குரோசிசுற்றிசோ வளிமண்டல நைதரசனைப் பிடிக்கும் ஆற்றல் அற்றது. நீரிற் கரைந்துள்ள நைதரசனையும் பொசுபரசையும் உண்டே அது பெருகுகின்றது. எனவே வயலில் மண்ணோடு ஒட்டியோ, நீரின்மேற் சிறு திட்டுகளாகவோ காணப்படும் பாசிக்கு அஞ்சி மருந்திடுதல் வீண்செலவு, சிலவேளை நட்டமுமாகும்.

நஞ்சின் தன்மை

மைக்குரோசிசுற்றிசு உண்டாக்கும் நஞ்சு மைக்குரோசிசுற்றின் எனப்படும். இது ஈரலைத் தாக்குவது. எல்லா மைக்குரோசிசுற்றிசுக் கூட்டங்களும் நஞ்சை உண்டாக்குவதில்லை. நஞ்சுள்ளதும் நஞ்சற்றதும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நுணுக்குக்காட்டியாலும் வேறுபடுத்த முடியாது. இரசாயனப் பரிசோதனையே அதனைக் காட்டும். ஆகையால் முடிவு தெரியும்வரை ஒவ்வொரு பெருக்கையும் நஞ்சுள்ளதாகவே கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

குடிநீர் லீற்றர் ஒன்றில் இந்நஞ்சு 1 மைக்குரோகிராமிற்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் நீண்டகாலப் பாவனைக்கு எல்லை வகுத்துள்ளது. ஒரு மைக்குரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். தடித்த ஏட்டில் இருக்கும் நஞ்சு இவ்வளவினும் ஆயிரம் மடங்குக்கு மேலாகவும் இருத்தல் கூடும்.

மிக முக்கியமாக நினைவில் வைக்கவேண்டியது யாதெனில், கொதிக்கவைத்தல் இந்நஞ்சை அழிக்காது என்பதே. வெப்பத்தாற் கலங்கள் உடைந்து, உள்ளிருந்த நஞ்சு நீரிற் கலக்கும். நோய்க்கிருமிகளுக்குச் சிறந்த காவலாகிய கொதிநீர் இவ்விடத்து உதவுவதில்லை. 2014 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில், அமெரிக்காவின் ஈரி ஏரியில் தோன்றிய மைக்குரோசிசுற்றிசுப் பெருக்கினால், தொலீடோ நகர நீரைப் பெற்ற ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் குழாய்நீரைக் குடிக்கவும் வேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டனர்.

இலங்கையிலும் இவ்வுயிர் புதியதன்று. கொழும்பின் பேரை வாவியின் பச்சை நிறத்திற்கு இதுவே முதன்மைக் காரணம். கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991 ஆம் ஆண்டிலும், கண்டி வாவியில் 1999 ஆம் ஆண்டிலும் இதன் பெருக்கு அவதானிக்கப்பட்டது.

நஞ்சுண்ட மாடு தளர்ந்து, இரை மீட்காது, தள்ளாடும், கண்ணிமையின் உட்புறமும் முரசும் வெளிறும், கழிச்சல் காணும், கடுமையாயின் சில மணித்தியாலங்களிலிருந்து சில நாட்களுக்குள் இறக்கும். பிழைத்த மாட்டின் மெல்லிய தோல் வெயிற் பட்டுப் புண்ணாதலும் உண்டு. மனிதருக்கு வாந்தி, வயிற்றோட்டம், தோற் கடி, கண்ணெரிவு ஆகியன தோன்றும். நாய் ஏடு படிந்த தன் மயிரை நக்குவதாலேயே இறக்கக்கூடும்.

கண்டபின் செய்யவேண்டியவை

1. கால்நடைகளை அக்கரைக்கு விடலாகாது. கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பிக் கொடுக்க. வேறு நீர் இல்லையாயின், ஏடு ஒதுங்காத கரையில், மேற்பரப்பிற்குக் கீழுள்ள தெளிந்த நீரை மொண்டு கொடுத்தல் தீங்கைக் குறைக்கும்.

2. அந்நீரைக் குடித்தலும், சமைத்தலும், அதிற் குளித்தலும் நிறுத்தப்படல் வேண்டும். சிறுவர் கரையில் விளையாடுவதைத் தடுக்க.

3. மரக்கறிப் பயிருக்கு இந்நீரைத் தெளித்தல் கூடாது. 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், பெருக்குள்ள நீர் தெளிக்கப்பட்ட சலாதுக் கீரையின் இலைகளிற் பாசிக் கூட்டங்களும் நஞ்சும் தங்கியிருந்தமை காணப்பட்டது. பச்சையாக உண்ணும் வல்லாரை, பொன்னாங்காணி, சலாது என்பனவற்றிற்குக் கிணற்று நீரையே பயன்படுத்துக. தவிர்க்க முடியாவிடின், இலையிற் படாது அடியில் மட்டும் பாய்ச்சுக.

4. வயலுக்கு நீர் எடுக்குமிடத்து, அடியிலிருந்து நீரைத் தரும் துருசின் வழியாக எடுத்தல் நன்று. மிதக்கும் ஏட்டின் பெரும்பகுதி இதனாற் குளத்திலேயே நின்றுவிடும். மேற்பரப்பு நீரை இறைக்கும் பம்பியின் குழாயை ஏட்டினுள் வைக்கலாகாது. அந்நீரில் இறங்கி வேலைசெய்தவர் உடலை நல்ல நீரிற் கழுவுக.

5. மீனில் நஞ்சு பெரும்பாலும் ஈரலிலும் குடலிலும் சேரும். எனவே பெருக்கு நீங்கும்வரை அக்குளத்து மீனைத் தவிர்த்தலே நலம். உண்ண நேரின் உள்ளுறுப்புகளை முற்றாக அகற்றி, தசையை நல்ல நீரிற் கழுவுக. தாமாக இறந்து மிதக்கும் மீனை எக்காரணங்கொண்டும் உண்ணலாகாது.

6. ஏட்டை அள்ளி எருவாகவோ தீவனமாகவோ பயன்படுத்தலாகாது. காய்ந்து கரையிற் கிடக்கும் ஏட்டிலும் நஞ்சு பல மாதங்களுக்கு நிலைத்திருக்கும்.

7. ஏடு மறைந்தவுடன் நீர் நலமாகிவிட்டது எனக் கருதலாகாது. கலங்கள் இறக்கும்போதே நஞ்சு நீரிற் கலக்கின்றது. மேலும் இரு வாரங்களேனும் பொறுத்தல் வேண்டும்.

8. விவசாயப் போதனாசிரியருக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவிக்க. கால்நடை நோயுற்றால் மிருக வைத்தியரை அழைத்து, குளத்தின் நிலையையும் அவருக்குக் கூறுக.

மயில்துத்தம் இடலாமா?

பாசியைக் கொல்லவென மயில்துத்தத்தைக் குளத்திற் கரைப்பது சிலர் நாடும் வழி. பெருக்கு முற்றியபின் இதனைச் செய்தல் ஆபத்தானது. 1979 ஆம் ஆண்டில் அவுத்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர்த் தேக்கமொன்றிற் பெருகிய வேறோர் நீலப்பச்சைப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் இடப்பட்டது. இறந்த கலங்களிலிருந்து நஞ்சு ஒருமிக்க வெளியேற, சில நாட்களுள் 148 பேர் நோயுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர். அன்றியும் செம்பு மீனுக்கு நஞ்சாகும். குளத்தின் அடிமண்ணிலும் தங்கும். எனவே எவரும் தம்மிச்சையாகக் குளத்தில் மருந்திடலாகாது.

வருமுன் காத்தல்

மைக்குரோசிசுற்றிசு பெருகுவதற்கு வெப்பம், ஒளி, அசையாத நீர், ஊட்டச்சத்து ஆகிய நான்கும் வேண்டும். முன்னைய மூன்றையும் மனிதர் மாற்றுவது அரிது. நான்காவதோ கமக்காரரின் கையிலேயே உள்ளது. குளத்தைச் சென்றடையும் பொசுபரசு முக்கியமானது. அது வயலிற் பயிருக்கு உதவாது கழுவப்பட்ட பசளையிலிருந்தும், சாணத்திலிருந்தும், மலக்கழிவிலிருந்தும், சவர்க்காரத் தூளிலிருந்தும் வருகின்றது.

மண்ணைப் பரிசோதித்தபின் வேண்டிய அளவு பொசுபேற்றுப் பசளையை மட்டும் இடுக. மண்ணில் அது போதியளவு இருக்கையில் மேலும் இடுவதால் விளைச்சல் கூடுவதில்லை. பணம் நீரோடு போய்க் குளத்திற் பாசியாக முளைக்கின்றது. அடிப்பசளையை இட்டு மண்ணோடு கலந்துவிடுக. பசளையிட்ட வயலின் வடிவாயைச் சில நாட்களுக்கு அடைத்து வைக்க. பெருமழை வருமென்று தோன்றும் நாளிற் பசளையிடாது ஒத்திவைக்க. மாட்டுப்பட்டியையும் எருக்குவியலையும் நீர் வடிந்து குளத்தைச் சேரும் இடத்தில் அமைக்கலாகாது.

பண்டைக் குளங்களின் மேற்புறத்தில், நீர் வந்து சேரும் இடத்தில், மரவரிசையும் அதற்கு அப்பாற் புற்றரையும் விடப்பட்டிருந்தன. மரங்கள் காற்றைத் தடுத்தன. புற்கள் வண்டலையும் சத்தையும் வடித்து நிறுத்தின. உலர்வலயத்தின் இக்குளத்தொகுதி முறையை 2017 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அப்புற்றரைகளைக் கொத்திப் பயிரிடும் ஒருவர் ஓரிரு பரப்பு நிலத்தைப் பெறுகின்றார். ஊர் முழுவதும் தன் நீரின் வடிகட்டியை இழக்கின்றது. கமக்காரர் அமைப்புகள் கன்னிக்கூட்டத்தில் விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கும்போது இப்பட்டைகளின் பாதுகாப்பையும் ஒரு விடயமாக எடுத்துக்கொள்ளுதல் தக்கது.

குளம் ஒருவருக்குரியதன்று. காலையில் முதலிற் கரைக்குச் செல்பவர் அங்குக் கண்ட பச்சை ஏட்டை மற்றையோருக்கு அறிவிப்பாராயின், அன்று தண்ணீருக்கு இறங்கவிருந்த பட்டியும், நீராட வரவிருந்த பிள்ளைகளும் காக்கப்படுவர். தடியும் போத்தலும் வெண்பீங்கானும் எவ்வீட்டிலும் உள்ளவை. அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமே இனி வேண்டப்படுவது.